ஃபிரட்டர்னிட்டியில் சேர்வோருக்கான பாகுபாடு தடுப்புப் பயிற்சி: மகனோடு உட்கார்ந்து பார்த்த பிறகு

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் என் மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இந்த இலையுதிர் பருவத்தில் ஆண் மாணவர்கள் ஒரே வீட்டில் கூடி வாழும் கழகமான ஃபிரட்டர்னிட்டி ஒன்றில் சேர விரும்புவதாக அவன் சொன்ன வாரமே, பாகுபாடு தடுப்புப் பயிற்சி ஒன்றுக்கான இணைப்பு அவனுடைய மின்னஞ்சலுக்கு வந்தது. ரஷ் எனப்படும் சேர்க்கை வாரத்தில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு மாணவரும் அந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழைப் பதிவேற்றினால்தான், எந்தக் கழகமும் அவருக்கு பிட் எனப்படும் அழைப்பைத் தர முடியும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. பயிற்சியைத் தயாரித்து விற்பது ஒரு தனியார் நிறுவனம். அதற்கான 35 டாலரைச் சேர்க்கைப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். இணையத்தில் ஐந்து பகுதிகள், வளாகத்தில் இரண்டு மணி நேர நேரடி அமர்வு, பெற்றோர் பார்ப்பதற்குத் தனியாக ஒரு கணக்கு ஆகிய மூன்றும் அந்தத் தொகைக்குள் அடக்கம். லேபர் டே விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவனைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, இணையப் பகுதி முழுவதையும் அவனோடு சேர்ந்து பார்த்தேன். இதே மின்னஞ்சல் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் வரக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

பயன்படுத்தும் விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைபேசியிலும் தடையின்றி ஓடுகிறது, வசன வரிகள் பிழையின்றி உள்ளன, காணொளியை ஓட்டிவிட்டுத் தாண்டிச் செல்ல விடுவதில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பத்துக் கேள்விகள் வருகின்றன. எட்டுக்குச் சரியாக விடை அளித்தால் அடுத்த பகுதி திறக்கிறது. எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஐந்தில் மூன்றாவது பகுதி மட்டுமே உண்மையான உழைப்போடு செய்யப்பட்டிருக்கிறது. 2015 மார்ச் மாதம் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நடந்ததை அது எடுத்துக்கொள்கிறது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் கழகத்தின் மாணவர்கள், விருந்துக்குப் போகும் பேருந்தில், கறுப்பினத்தவர் ஒருவர்கூட எங்கள் கழகத்துக்குள் வர முடியாது என்று, மரத்தில் தூக்கிலிடுவதைப் பற்றிய வரியையும் சேர்த்துக் கைதட்டிப் பாடிய காணொளி வெளியானது. பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் உடனே அந்தக் கிளையை மூடினார். உறுப்பினர்கள் இரண்டு நாள்களுக்குள் கழக வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. முன்னின்று பாடிய இருவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலான செய்திகள் அத்தோடு நின்றுவிட்டன. இந்தப் பயிற்சி நிற்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கழகத்தின் தேசியத் தலைமை நடத்திய தலைமைப் பண்புக் கப்பல் பயணத்தில் சில உறுப்பினர்கள் அந்தப் பாட்டைக் கற்று வந்தார்கள் என்றும், பிறகு புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது முறையாகச் சொல்லித் தரப்பட்டது என்றும் பல்கலைக்கழக விசாரணை கண்டறிந்ததை விளக்கமாகச் சொல்கிறது. குடிபோதையில் இரண்டு பையன்கள் உளறியதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு செயல், வகுப்பெடுத்துக் கைமாற்றப்பட்ட பாடமாக அங்கே தெரியவருகிறது.

அடுத்து அந்தப் பேருந்தின் இருக்கை வரைபடம் ஒன்று திரையில் வருகிறது. எந்த இருக்கையைத் தொட்டாலும், அங்கே உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு மாணவரின் மனத்தில் ஓடுவது எழுத்தில் தோன்றும். பின்வரிசையில் ஓர் இருக்கை, சேர்ந்து இரண்டே வாரமான புது மாணவருடையது. அவருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. ஆனால் அன்று மாலைதான் முதன்முறையாக யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். என் மகன் அந்தத் திரையிலேயே வெகுநேரம் நின்றான். பிறகு, “அம்மா, நான் அங்க இருந்திருந்தா வாயை மட்டும் அசைச்சிருப்பேன்” என்றான். அவனை அதட்டவும் எனக்கு மனம் வரவில்லை, தேற்றவும் வார்த்தை வரவில்லை. கட்டணத்துக்கு இந்த ஒரு திரையே போதும் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

மற்ற நான்கு பகுதிகளும் அந்த எண்ணத்தைக் காப்பாற்றவில்லை.

இரண்டாம் பகுதியின் தலைப்பு வரலாறு. மொத்தம் நான்கு நிமிடம். 1776 ஆம் ஆண்டு வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் ஃபை பீட்டா காப்பா கழகம் தொடங்கியது, 1825 இல் யூனியன் கல்லூரியில் காப்பா ஆல்ஃபா சங்கம் பிறந்தது என்று அழகான செங்கல் கட்டடங்களைக் காட்டிக்கொண்டே போகும் காணொளி, “சில அமைப்புகள் முற்காலத்தில் உறுப்பினர் சேர்க்கையில் கட்டுப்பாடுகள் வைத்திருந்தன” என்ற ஒரே வாக்கியத்தில் நூறு ஆண்டுகளைக் கடந்துவிடுகிறது. யார் வைத்தார்கள், யாருக்கு எதிராக வைத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்ற எதுவும் அதில் இல்லை. அந்தக் கட்டுப்பாடுகள் எழுத்தில் இருந்தவை. முழு ஆரிய ரத்தம் உள்ள வெள்ளையரே உறுப்பினராகலாம் என்று ஃபை டெல்டா தீட்டா கழகத்தின் சாசனம் சொன்னது. 1954 ஆம் ஆண்டுதான் அந்த விதி நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த சொற்றொடர், எல்லா உறுப்பினர்களுக்கும் சமூக ரீதியில் ஏற்புடையவர் என்பது. 1948 இல் ஆமர்ஸ்ட் கல்லூரியின் ஃபை காப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டபோது, தேசியத் தலைமை அந்தக் கிளையையே விலக்கிவைத்தது. மாணவர்கள் கதவைத் திறந்தார்கள், மேலே இருந்தவர்கள் சாத்தினார்கள் என்ற இந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருந்தால்கூட, கழகத்துக்குள் இருக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தனக்கு முன்னால் இதை எதிர்த்தவர்கள் உண்டு என்ற துணிவாவது வந்திருக்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்க ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்றது 1963 ஜூன் மாதத்தில். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பரில், அதே வளாகத்தின் மாணவர் நாளிதழான கிரிம்சன் ஒயிட் ஒரு செய்தி வெளியிட்டது. மிகச் சிறந்த மதிப்பெண் வைத்திருந்த ஒரு கறுப்பின மாணவியைப் பெண்களுக்கான கழகங்களாகிய சொரோரிட்டிகள் நிராகரித்ததையும், சேர்த்துக்கொள்ள விரும்பிய உறுப்பினர்களை முன்னாள் மாணவியர் தடுத்ததையும், உள்ளே இருந்த மாணவிகளே அதில் பேசியிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வளாகத்தில் ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மறுபடியும் திறக்க உத்தரவிட்டார். அங்கே யாரும் வேஷம் போடவில்லை, பாட்டுப் பாடவில்லை. பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் அமைதியாக அடிக்கப்பட்டது, அவ்வளவுதான். இனவெறியின் முதன்மையான இடம் இந்தச் சேர்க்கைக் கதவு என்பதே என் எண்ணம். அந்தக் கதவைப் பற்றி இந்தப் பயிற்சியில் ஒரு கேள்விகூட இல்லை.

மாறாக, நான்காம் பகுதி முழுவதும் விருந்துகளைப் பற்றியது. 2010 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தை உலுக்கிய, கறுப்பினத்தவரைக் கேலி செய்த காம்ப்டன் குக்கவுட் என்ற விருந்து, 2013 இல் டியூக் பல்கலைக்கழகத்தில் காப்பா சிக்மா நடத்திய ஆசிய விருந்து, 2014 இல் மார்ட்டின் லூதர் கிங் நாளையொட்டி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டௌ காப்பா எப்சிலான் மாணவர்கள் நடத்திய விருந்து ஆகிய மூன்றும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. டியூக்கில் அழைப்பு மின்னஞ்சலே ஆசியர்கள் ஆங்கிலம் பேசும் விதத்தைக் கேலி செய்து எழுதப்பட்டிருந்தது. செய்திகள் சரியானவைதாம். ஆனால் முடிவில் தருவது, அணியக் கூடாத உடைகளின் படப் பட்டியல். முகத்தில் கரி பூசாதே, தலைப்பாகை கட்டாதே, பட்டுக் கிமோனோ போடாதே என்று வரிசையாகச் சிவப்புக் குறி போட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எழும் மாணவனுக்கு, மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பது மட்டுமே தெரிந்திருக்கும். அந்த உடையைப் பார்த்து வீட்டில் இருந்த அறுபது பேரும் ஏன் சிரித்தார்கள் என்பது தெரிந்திருக்காது.

என் மகனுக்கு நேர்ந்தது எந்தப் படப் பட்டியலிலும் அடங்காது. சேர்க்கை வாரத்தின் முதல் நாள் அவன் போன ஒரு வீட்டில், ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர், கணினி அறிவியலா என்று கேட்டார்கள். அவன் படிப்பது வரலாறு. நான்காவதாக வந்தவர் தோளில் கை போட்டு, எங்கள் கழகத்தின் சராசரி மதிப்பெண்ணாகிய ஜிபிஏவை நீதான் தூக்கி நிறுத்த வேண்டும், படிப்புக்கான பொறுப்பாளர் பதவி உனக்குத்தான் என்று அன்பாகச் சொன்னாராம். அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். அந்த வீட்டின் சுவர் முழுவதும் விளையாட்டுக் கேடயங்கள் இருந்தும், நீ என்ன விளையாடுவாய் என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் நல்ல முறையில்தான் பேசினார்கள் என்று அவனே திரும்பத் திரும்பச் சொன்னான். புகழ்ச்சியாக வரும் முத்திரையை மறுப்பது, ஏச்சாக வரும் முத்திரையை மறுப்பதைவிடக் கடினம். இதைப் பற்றிப் பயிற்சி என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஐந்து பகுதிகளிலும் ஆசிய முகம் கொண்ட மாணவர் மூன்று முறை வருகிறார். அவற்றில் இரண்டு முறை அவர் முன்னால் மடிக்கணினி திறந்திருக்கிறது.

கறுப்பினத்தவரின் கழகங்களுக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு திரை, அதிலும் காலைத் தரையில் தட்டி ஆடும் ஸ்டெப் நடனத்தின் படம். இந்த இடத்தில் எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது. 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கியபோது, அந்த வளாகத்தில் கறுப்பின மாணவர்கள் தனித்து நின்று படிப்பைத் தொடர முடியாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுத்துத் தாக்குப்பிடிப்பதற்காக ஒன்றுசேர்ந்த குழுவே கழகமாக வளர்ந்தது. 1908 இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பிறந்தது. 1913 இல் பிறந்த டெல்டா சிக்மா தீட்டாவின் மாணவிகள், அதே ஆண்டு மார்ச் மாதம் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷலும் மார்ட்டின் லூதர் கிங்கும் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் உறுப்பினர்கள். சென்னையிலிருந்து வந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்ட்டில் படித்தபோது சேர்ந்த கழகம் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. அந்தக் கழகத்தின் நிறங்களான இளஞ்சிவப்பும் பச்சையும் அணிந்த பெண்கள் அவருடைய தேர்தல் கூட்டங்களில் திரண்டதை நம் வீடுகளில் தொலைக்காட்சியில் பார்த்தோம், அது என்ன நிறம் என்று கேட்காமலே பார்த்தோம். உள்ளே விடாத கதவுக்கு வெளியே நின்றவர்கள் கட்டிய வீடுகள் இவை. அவற்றை ஒரு நடனப் படமாகச் சுருக்கியதன் மூலம், எந்த முத்திரையை அழிக்க இந்தப் பயிற்சி விற்கப்படுகிறதோ அதே முத்திரையைத் தன் கையாலேயே குத்துகிறது.

ஐந்தாம் பகுதி, புதியவர்களைத் துன்புறுத்தும் ஹேசிங் பற்றியது. 2024 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தின்படி, ஒவ்வொரு கல்லூரியும் ஹேசிங் நிகழ்ச்சிகளைப் பற்றிய அறிக்கையைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதை எளிமையாக விளக்குகிறார்கள். பெற்றோர் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்கலாம், படிக்க வேண்டும். நம்மவர்களிடம் ஓர் எண்ணம் உண்டு: தெற்காசிய மாணவர்களுக்கென்று 1998 இல் டெக்சாஸில் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை, 1999 இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய பீட்டா கை தீட்டா போன்ற கழகங்கள் இருக்கின்றனவே, அங்கே சேர்த்துவிட்டால் கவலை இல்லை என்று பேசிக்கொள்கிறோம். ஆசியப் பின்னணி ஒன்றே காப்பு ஆகிவிடாது. 2013 டிசம்பரில், பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்கக் கழகத்தின் பாரூக் கல்லூரிக் கிளையில் சேரவிருந்த முதலாண்டு மாணவர் ஒருவர், பென்சில்வேனியாவின் போகோனோ மலைப் பகுதியில் நடந்த சடங்கில் அடிபட்டு இறந்தார். கண்ணைக் கட்டி, முதுகில் சுமை ஏற்றி, இருட்டில் நடக்கவைத்து மோதித் தள்ளிய அந்தச் சடங்குக்குக் கண்ணாடிக் கூரை என்று பெயர். ஆசியர்கள் இந்த நாட்டில் பட்ட ஒடுக்குமுறையை உணர்த்துவதாகச் சொல்லி அது நடத்தப்பட்டது. 2018 இல் அந்தக் கழகம் பத்து ஆண்டுகள் பென்சில்வேனியாவில் இயங்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்ட காயத்தை இன்னொரு பிள்ளையின் உடம்பில் எழுதிப் பார்த்த அந்தக் கொடுமையைப் பயிற்சியில் சேர்த்திருக்க வேண்டும்.

கேள்வித்தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆலோசகரிடம் தெரிவிக்கவும் என்ற விடை எங்கெல்லாம் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்தால் தேர்ச்சி பெற்றுவிடலாம். என் மகன் கடைசி இரண்டு பகுதிகளில் கேள்வியைப் படிக்காமலே நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டினான்.

நேரடி அமர்வு வேறு தரம். பெற்றோர் பின்வரிசையில் அமரலாம் என்று சொன்னதால் இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போனேன். நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க கறுப்பினத்தவர்; தம் மாணவப் பருவத்தில் கறுப்பினக் கழகம் ஒன்றில் சேர்ந்தவர். வந்தவுடன் ஆளுக்கொரு சிறு அட்டை கொடுத்து, உங்கள் வீட்டுக்கு எப்படிப்பட்டவர் வேண்டும் என்று ஒரே வரியில் எழுதச் சொன்னார். ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்களும் எழுதினார்கள். அட்டைகளை வாங்கிக் கலைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஃபிட் என்ற சொல் இருந்தது: நமக்கு ஒத்துவருகிறவர், நம் வீட்டுக்குப் பொருந்துகிறவர். அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். நாற்பது பேர் இருந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகே, சமூக ரீதியில் ஏற்புடையவர் என்ற அந்த 1954 ஆம் ஆண்டுச் சொற்றொடரைப் பலகையில் எழுதினார். பின்வரிசையில் இருந்த எனக்கு நம் ஊர்ப் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சில் தைத்தது. வீடு வாடகைக்கு விடும்போதும் வரன் பார்க்கும்போதும், நம்மாளா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களோடு நானும் வளர்ந்தவள்.

ஒரு வெள்ளை மாணவர் எழுந்து, ஃபிரட்டர்னிட்டிக்காரன் என்றாலே குடிகாரன், பணக்கார வீட்டுப் பொறுக்கி என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள், கழகச் சட்டையோடு வகுப்புக்குப் போனால் பேராசிரியரின் முகமே மாறுகிறது, அதுவும் முத்திரைதானே என்று கேட்டார். மகன் சேரப் போகிறான் என்றதும் என் மனத்தில் முதலில் வந்த சித்திரமும் அதுவே என்பதால், நானும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தேன். நடத்தியவர் அவரை மட்டம் தட்டவில்லை. அதுவும் முத்திரைதான், அது உனக்கு வலிக்கிறது என்பதையும் நம்புகிறேன் என்றார். பிறகு, அந்தச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நீ வகுப்புக்குப் போகலாம், என் கழகத்தின் மேலங்கியை நான் கழற்றிய பிறகும் கடைக்காரர் என் பின்னாலேயே நடந்து வந்தார் என்றார். அதே மேலங்கியைப் பார்த்துத் தெருக்கும்பல் என்று ஒதுங்கியவர்களும் உண்டாம், ஒரு ஸ்டெப் ஆடிக் காட்டு என்று கேட்டவர்களும் உண்டாம். கேட்ட மாணவர் தலையசைத்து உட்கார்ந்தார். அமர்வு முடிந்த பிறகும் அவரோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஆகவே என் மதிப்பீடு இரண்டாகப் பிரிகிறது. இணையப் பகுதிக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் அந்தப் பேருந்துத் திரைக்காக. நேரடி அமர்வுக்கு ஐந்துக்கு நாலரை. உங்கள் பல்கலைக்கழகம் இணையப் பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், சான்றிதழைப் பார்த்து மனம் நிம்மதி அடைய வேண்டாம். பிள்ளை பார்க்கப் போகும் வீட்டில், சேர்க்கை வாக்கெடுப்பில் ஒருவர் மறுத்தாலே பெயர் விழுந்துவிடுமா, முன்னாள் உறுப்பினர்களுக்கு அதில் எவ்வளவு செல்வாக்கு, கடந்த நான்கு ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் குழுப் படங்களைப் பார்க்கலாமா, ஒரு பருவத்துக்கான கட்டணம் எவ்வளவு, கட்ட முடியாதவருக்கு உதவி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். என் மகன் நான்கு வீடுகளில் கேட்டான். இரண்டு வீடுகளில் தயங்காமல் படங்களை எடுத்துக் காட்டினார்கள். ஜிபிஏவைத் தூக்கி நிறுத்தச் சொன்ன வீடு அந்த இரண்டில் இல்லை.

பயிற்சியின் கடைசியில் கருத்துச் சொல்ல ஒரு பெட்டி உண்டு. ஓக்லஹோமாவில் அந்த வீடு மூடப்பட்டபோது, அங்கே நெடுங்காலம் சமைத்துப் போட்ட கறுப்பினத்தவர் ஒருவரின் வேலையும் போயிற்று. அதைச் சேர்க்கும்படி நான் எழுதினேன். என் மகன் எழுதியது வேறு. இருக்கை வரைபடத்தில் எல்லா இருக்கைகளையும் தொட்டுப் பார்த்ததாகவும், ஓட்டுநரின் இருக்கையைத் தொட்டபோது மட்டும் எதுவும் திறக்கவில்லை என்றும், அதையும் திறக்கும்படி செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தான். மூன்று வாரம் ஆகிறது. நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.